சக்கரம் வைத்த வீடு

முதல் செய்தி 2022 மார்ச் மாதம் வாட்ஸ்அப்பில் வந்தது. மலாயில் இரண்டே வரி. பொருள் விலையெல்லாம் ஏறிவிட்டது சிக்கு, 68,000 வெள்ளி இனி 74,800 வெள்ளி. கீழே கைகூப்பும் படம் ஒன்று. நான் அப்போது அப்பாவின் வலது காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் விரலாலேயே ‘ஓகே’ என்று தட்டி அனுப்பினேன். இரண்டெழுத்து. ஓர் எழுத்துக்கு 3,400 வெள்ளி என்று பிறகுதான் கணக்குப் போட்டேன்.

அது ஒரு வண்டியின் விலை. சரியாகச் சொன்னால், நான் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த பழைய ஜப்பான் வேனுக்குள் கட்டில், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, சின்ன அடுப்பு எல்லாம் வைத்து மோட்டார்ஹோமாக மாற்றித் தருவதற்கான விலை. இந்த வயதில் உனக்கு எதற்கு இந்த ஆசை என்று கேட்காத உறவினர் இல்லை. ஊர் சுற்ற வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை கிடையாது. அப்பாவுக்குத்தான் ஒரு பயணம் பாக்கியிருந்தது.

அப்பாவுக்கு 2019-இல் பக்கவாதம் வந்தது. அரைமணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. கழிப்பறை பக்கத்திலேயே இருக்க வேண்டும். அவருடைய ஒரே தங்கை, என் அத்தை, சுங்கை பட்டாணியில் இருக்கிறார். ஜாசினிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர். அத்தைக்கும் முட்டி போய்விட்டது. நடமாட்டக் கட்டுப்பாடு நீடித்த காலம் முழுவதும் இருவரும் போனில் முகம் பார்த்துக்கொண்டார்கள். “போன்ல பாக்குறது படம் பாக்குற மாதிரிடா. கையப் புடிக்க முடியல” என்பார் அப்பா. 2021 அக்டோபர் 11-ஆம் தேதி மாநிலம் விட்டு மாநிலம் போகலாம் என்று அரசாங்கம் அனுமதித்தது. அன்று இரவு அவர் கேட்டார், “என்னைப் படுக்கவச்சே கூட்டிட்டுப் போக முடியாதா?” அந்த ஆண்டுதான் நான் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். பணிக்கொடைப் பணம் கையில் இருந்தது.

டிசம்பரில் பட்டறைக்காரரோடு ஒப்பந்தம் போட்டேன். ஒப்பந்தம் என்றால் ஒரு பக்கத்தாள். மேலே 68,000 என்று மொத்தத் தொகை, நடுவில் என்னென்ன வேலை என்று பன்னிரண்டு வரி, கீழே இரண்டு கையெழுத்து. முன்பணம் நூற்றுக்கு முப்பது, 20,400 வெள்ளி. ஆறு மாதத்தில் வண்டி தயார் என்று வாயால் சொன்னார். பட்டறைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். அவருடைய அப்பா ஒரு காலத்தில் தோட்டத்து லோரிகளுக்குப் பலகை அடித்துக் கொடுத்தவர். இதைச் சொன்னதும் அப்பாவுக்கு அவர்மீது நம்பிக்கை வந்துவிட்டது. “அந்த லோரியிலதான் நாங்க எல்லாம் சினிமாவுக்குப் போனோம்” என்றார். எனக்கும் அது போதுமானதாக இருந்தது.

மார்ச்சில் ‘ஓகே’ சொன்ன கையோடு இரண்டாவது தவணை 20,400 வெள்ளியும் கட்டினேன். ஜூனில் அடுத்த செய்தி. 74,800 இப்போது 83,500. ஆறே மாதத்தில் 15,500 வெள்ளி கூடிவிட்டது. நூறு வெள்ளிக்கு ஏறத்தாழ இருபத்து மூன்று வெள்ளி. நான் கொடுத்தது 40,800 வெள்ளி. வண்டி எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்த்தால் தரை போட்டிருந்தது, சட்டம் அடித்திருந்தது, அவ்வளவுதான். வெயிலில் வாயைத் திறந்து நிற்கும் வெறும் தகரக்கூடு.

கோபத்தோடு வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினேன். உக்ரேனில் போர் பிப்ரவரியில் தொடங்கியது என்றால் டிசம்பரில் போட்ட விலை எப்படி ஏறும், ஏமாற்றுகிறான் என்றெல்லாம் சொன்னேன். கட்டிலில் இருந்து அப்பா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“வெல ஏறிடுச்சுன்னு சொல்றான் சரி. எறங்குனா திருப்பித் தருவானா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தோன்றவில்லை.

அப்பாவுக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. அவர் பால்மரம் வெட்டியவர். மலாயாவில் ரப்பரை வியாபாரப் பயிராக முதலில் நட்டது எங்கள் மலாக்காவில்தான். டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார், பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். அந்தப் புக்கிட் அசகான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான் அப்பா பிறந்தார், உளி பிடித்தார், ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றார். தொழிற்சங்கமும் முதலாளிமார் சங்கமும் போட்ட ஒப்பந்தங்களில் பால்மரம் வெட்டுபவரின் கூலி உலகச் சந்தை ரப்பர் விலையோடு கட்டப்பட்டிருந்தது. விலை ஏறினால் கூலியில் சில காசு ஏறும். இறங்கினால் இறங்கும். லண்டனிலும் சிங்கப்பூரிலும் யாரோ சொல்லும் விலை எங்கள் அடுப்படிக்கு வந்து சேரும். அப்பா அதை இப்படிச் சொல்வார்: “ஏறுனா தொரை காதுல மெதுவாத்தான் விழும். எறங்குனா மறுநாளே விழுந்துடும்.”

அப்பாவிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. தோட்டத்துக் கடையில் கடன் வாங்கும்போது கடைக்காரர் 555 நோட்டில் எழுதுவார். உள்ளங்கை அளவு சின்ன நோட்டு, அட்டையில் மூன்று ஐந்து போட்டிருக்கும். அப்பாவும் அதே போல ஒன்று வைத்திருந்தார். எழுதத் தெரியாது. அரிசிக்கு ஒரு கோடு, மண்ணெண்ணெய்க்கு ஒரு வட்டம், கருவாட்டுக்கு ஒரு சுழி. சம்பள நாளில் இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். சண்டை போட்டதாக நினைவில்லை. இரண்டு நோட்டு இருக்கிறது என்று கடைக்காரருக்குத் தெரிந்தாலே போதும்.

முப்பத்தைந்து வருடம் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த நான் 68,000 வெள்ளி வேலைக்கு ஒரு நோட்டுகூட வைத்துக்கொள்ளவில்லை.

அன்று இரவு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அப்பா 1993-இல் வாங்கிய குறைந்த விலை வீட்டின் ஒப்பந்தம் அதில் இருக்கிறது. தோட்டத்தை விட்டுப் போகும்போது லயத்து வீட்டையும் விட்டுப் போக வேண்டும். அதனால் ஓய்வு பெற்ற ஆண்டே சேமநிதிப் பணத்தைப் போட்டு அந்த வீட்டை வாங்கினார். விலை 25,000 வெள்ளி. குறைந்த விலை வீட்டுக்கு 1982-லேயே அரசாங்கம் நிர்ணயித்த உச்சவரம்பு அது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதிலிருந்து சாவி கைக்கு வரும்வரை அந்த 25,000 அசையவே இல்லை. சிமெண்ட் ஏறியிருக்கும், மரம் ஏறியிருக்கும். அது மேம்பாட்டாளரின் கவலையாக இருந்தது, எங்களுடையது அல்ல.

அப்போது நான்தான் அப்பாவுக்கு அந்த ஒப்பந்தத்தைப் படித்துச் சொன்னேன். இப்போது மறுபடி படித்தபோது வேறு விதமாகத் தெரிந்தது. அது மேம்பாட்டாளர் தன் இஷ்டத்துக்கு எழுதிய தாள் இல்லை. 1966-ஆம் ஆண்டின் வீட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் அரசாங்கமே வகுத்துக் கொடுத்த படிவம். கையெழுத்திடும்போது நூற்றுக்குப் பத்து. அதன்பிறகு அஸ்திவாரம் முடிந்தால் இவ்வளவு, சுவர் எழும்பினால் இவ்வளவு, கூரை போட்டால் இவ்வளவு. வேலை முடிந்ததற்கு அத்தாட்சி காட்டினால்தான் பணம். 24 மாதத்தில் தராவிட்டால் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து என்று நாள் கணக்கில் இழப்பீடு. யாரோ நிறைய பேர் ஏமாந்த பிறகுதான் இப்படி ஒரு படிவம் வந்திருக்கும். படிக்காத ஒரு தோட்டத் தொழிலாளியை அது காப்பாற்றியது. அவர் மகனான பட்டதாரி ஆசிரியருக்கு அது இல்லை. ஏனென்றால் என் வீட்டுக்குச் சக்கரம் இருந்தது.

இது எனக்கு மட்டும் நடந்ததும் இல்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் ஐரோப்பாவில் மோட்டார்ஹோம் கட்டும் பெரிய கம்பெனிகளே ஃபியட் டுக்காட்டோ போன்ற அடிச்சட்டங்கள் கிடைக்காமல் தவித்தன. பதிவு செய்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள், விலையும் ஏறியது. ஜெர்மனியின் சட்டத்தில் ஒரு விதி உண்டு. நான்கு மாதத்துக்குள் கொடுக்க வேண்டிய பொருளுக்கு, விற்பவர் தன்னுடைய அச்சடித்த நிபந்தனைகளில் விலையேற்றும் உரிமையைச் சேர்த்து வைத்திருந்தால் அது செல்லாது. நம் நாட்டிலேயே, அதே 2022-இல், கார்களுக்கான விற்பனை வரிச் சலுகை ஜூன் 30-உடன் முடிந்தபோது, அந்தத் தேதிக்குள் பதிவு செய்தவர்களுக்கு 2023 மார்ச் 31 வரை அவகாசம் கிடைத்தது. கார் வந்து சேராதது வாங்குபவரின் குற்றமில்லை, அவர் பதிவு செய்த நாளைத்தான் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் நியாயம்.

எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. கேட்டதைக் கொடுத்துவிடுவது. வேலையை நிறுத்திப் பணத்தைத் திருப்பிக் கேட்பது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போவது. தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுவுக்கு ஐந்தே வெள்ளி, வழக்கறிஞர் வேண்டியதில்லை. ஆனால் மார்ச்சில் நான் அனுப்பிய அந்த ‘ஓகே’ என் போனிலும் இருக்கிறது, அவர் போனிலும் இருக்கிறது. சம்மதித்துத்தானே பணம் கட்டினீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? அதைவிட, வழக்கு முடியும்வரை தகரக்கூடு வெயிலில் நிற்கும். அப்பாவுக்கு எண்பத்து நான்கு வயது. எனக்குக் கிடைக்கும் தீர்ப்பை அத்தையின் கையில் கொடுத்து அழ முடியாது.

மனைவிதான் வழி சொன்னாள். “ஏங்க, அப்பாவுக்கு ஒரு கட்டிலு, ஒரு டாய்லட்டு. அதுக்குத்தான இந்த வண்டி? கூரையில ஏர்கோன், அதுக்கு ஒரு பெரிய பேட்டரின்னு நீங்க என்ன ஓட்டலா கட்டுறீங்க?”

மறுநாள் பட்டறைக்குப் போனேன். சண்டைக்குப் போகவில்லை. ஒரு வெற்றுத்தாளை நீட்டி, 15,500 வெள்ளி எதெதில் ஏறியது என்று பிரித்து எழுதித் தரச் சொன்னேன். முகம் சுருங்கியது. ஆனாலும் உட்கார்ந்து எழுதினார். அலுமினியம் 3,600. பலகையும் அலமாரியும் 2,900. பேட்டரி, இன்வர்ட்டர், சோலார் 4,200. ஏர்கோன் 1,900. கூலி 2,900.

ஒரு மொத்தத் தொகையோடு சண்டை போட முடியாது. அதைப் பிரித்தவுடன் ஒவ்வொரு வரியும் தனியாகப் பேச ஆரம்பித்தது.

முதலில் அலுமினியம். உலகச் சந்தையில் அதன் விலை ஏறியது பொய்யில்லை. மார்ச்சில் லண்டன் உலோகச் சந்தையில் ஒரு டன் 4,000 டாலரைத் தொட்டது. ஆனால் ஜனவரியில் நான் பட்டறைக்குப் போனபோது, அப்பாவுக்குக் காட்டுவதற்காகப் படம் எடுத்திருந்தேன். வேனுக்குப் பக்கத்தில் அலுமினியத் தகடுகள் அடுக்கியிருந்தன. மேல் தகட்டில் மை பேனாவால் என் பெயர். படத்தில் தேதியும் இருந்தது. என் முன்பணத்தில் பழைய விலைக்கு வாங்கிய தகடுகள்.

அவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “உண்மைதான் சிக்கு. ஆனா அடுத்த வண்டிக்கு நான் புது விலைக்குத்தானே வாங்கணும்?” என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கடைக்காரர்கள் அப்படித்தான் யோசிக்கிறார்கள். கையிலிருக்கும் சரக்கின் விலை, அதை மறுபடி வாங்க ஆகும் விலை. ஆனால் நான் கடைச் சரக்கை வாங்க வரவில்லை. என் பணத்தில், என் பெயரில் வாங்கிய பொருள் அது. “அடுத்த ஆளோட விலைய நான் ஏன் கொடுக்கணும் தவுக்கே?” என்றேன். சிரித்துவிட்டு அந்த வரியை அடித்தார்.

ஏர்கோனையும் பெரிய பேட்டரியையும் நானே அடித்தேன். ஓடும்போது வேனின் குளிர்சாதனம் இருக்கிறது, இரவில் காற்றாடி போதும். சின்ன பேட்டரி ஒன்று வைத்தால் விளக்கும் காற்றாடியும் ஓடும். அந்தப் பாரம் போனதில் பழைய விலையிலேயே 11,500 வெள்ளி குறைந்தது. பலகைக்கு ரசீது கேட்டேன். மேயில் வாங்கியதற்கு மட்டும் ரசீது இருந்தது. 1,700 வெள்ளி ஒத்துக்கொண்டேன்.

மிச்சம் கூலி. அந்த வரியை என்ன செய்வது என்று முந்தின இரவே அப்பா சொல்லியிருந்தார். “கூலியில பேரம் பேசாத. கூலி ஏத்துனேன்னு சொன்னா கொடுத்துடு.” குறைந்தபட்ச சம்பளம் 1,200 வெள்ளியிலிருந்து 1,500 ஆனது அந்த மே முதல் தேதியில்தான். பட்டறையில் ஆறு பேர் வேலை செய்தார்கள். மாதச் சம்பளம் வேண்டும் என்று கேட்டு நின்ற தலைமுறை அப்பாவுடையது. இந்த நாட்டில் குறைந்தபட்ச சம்பளச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 2013-இல், அவர் வேலையை விட்டு இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. 2,900 வெள்ளியை அப்படியே எழுதினேன். பட்டறைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அந்த வரியில் நான் சண்டை போடுவேன் என்றுதான் அவர் எதிர்பார்த்திருக்கிறார் போல. அதற்குப் பிறகு பேச்சு சுலபமானது.

68,000-இல் 11,500 கழித்து 4,600 கூட்டினால் 61,100. கொடுத்தது போக மீதி 20,300. அப்பாவின் வீட்டு ஒப்பந்தத்தைப் பார்த்து நானே ஒரு தாள் எழுதி எடுத்துப் போயிருந்தேன். மீதிப் பணம் மூன்று தவணை. உள்சுவரும் கட்டிலும் முடிந்தால் ஒன்று. தண்ணீர் ஊற்றிக் கழிப்பறை ஒழுகவில்லை என்று பார்த்தபின் ஒன்று. புஸ்பகோம் பரிசோதனை முடிந்து ஜேபிஜே அனுமதி கைக்கு வந்தால் கடைசி. இனி வாங்க வேண்டிய பொருளின் விலை ஏறினால் ரசீதோடு ஏற்றலாம், ஆனால் 2,000 வெள்ளியைத் தாண்டினால் என் கையெழுத்து வேண்டும். கடைசியாக அப்பாவின் வரி: விலை இறங்கினால் அதே ரசீதோடு இறக்க வேண்டும்.

அந்த வரியை அவர் இரண்டு முறை படித்தார். இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார். தாளின் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம்.

நான் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டேன் என்று சொல்லவில்லை. டிசம்பரிலேயே அந்தத் தாளை எழுதியிருந்தால் இரண்டு மாத இழுபறி மிச்சமாகியிருக்கும். விலை ஏறவே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. போர் வரும், கப்பல் நிற்கும், வெள்ளி மதிப்பு விழும். அந்த நவம்பரில் ஒரு டாலருக்கு 4.74 வெள்ளி வரை போனது. ஏறுவதற்கு ஒரு முறை இருக்கிறதா, அந்த முறை இரண்டு பேர் நோட்டிலும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வெள்ளி விழுந்த அதே காலத்தில் அலுமினியமும் விழுந்தது. செப்டம்பர் கடைசியில் டன் விலை மார்ச் உச்சத்தில் ஏறத்தாழ பாதிதான். விலை ஏறிவிட்டது என்ற செய்தி எனக்கு இரண்டு தடவை வந்தது. இறங்கிவிட்டது என்று ஒரு செய்தியும் வரவில்லை.

வண்டி நவம்பர் கடைசியில் கைக்கு வந்தது, ஐந்து மாதம் தாமதமாக. கடைசித் தவணை கட்டப் போனபோது பட்டறைக்காரர் ஒரு ரசீதை எடுத்து மேசையில் வைத்தார். கடைசியாக வாங்கிய பலகை கொஞ்சம் மலிவாகக் கிடைத்ததாம். 340 வெள்ளி கழித்துக்கொள்ளச் சொன்னார்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் கிளம்பினோம். அப்பா கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். செம்பனை, செம்பனை, மறுபடியும் செம்பனை. “ஒரு பால்மரம்கூட காணோமே” என்றார். தாப்பாவில் ஓர் ஓய்விடத்தில் நிறுத்தி, கழிப்பறைக்கு உதவிவிட்டுத் தேநீர் கொடுத்தேன். அப்போதுதான் அந்த 340 வெள்ளி விஷயத்தைச் சொன்னேன். அதுவரை சொல்ல மறந்திருந்தேன்.

“திருப்பிக் கொடுத்தானா?” என்று கேட்டார்.

“கொடுத்தாருப்பா.”

கொஞ்ச நேரம் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அவங்க அப்பன் அடிச்ச லோரி பலகைகூட ஆடாதுடா” என்றார்.

சாயங்காலம் சுங்கை பட்டாணி போய்ச் சேர்ந்தோம். அப்பாவால் இறங்க முடியவில்லை. அத்தையைத்தான் இரண்டு பேர் பிடித்து வண்டிக்குள் ஏற்றினோம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றும் முற்றும் பார்த்து, “எவ்வளவுய்யா ஆச்சு இதுக்கு?” என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார், “அதெல்லாம் நோட்டுல இருக்கு.”